காகிதத்தில் எழுந்த புகழ்வாயில்

மாக்சிமிலியன் பேரரசரும் மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களும்

மண்ணாளும் மன்னர்கள் தம் பெயர் மண்ணோடு மறைந்துவிடலாகாது என்று விரும்புவது எந்நாட்டிலும் எக்காலத்திலும் காணப்படும் இயல்பு. அவ்விருப்பத்தை நிறைவேற்றச் சிலர் கல்லை நாடினர். சிலர் வெண்கலத்தை நாடினர். சிலர் புலவரின் நாவை நாடினர். ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் எனப்படும் 15, 16 ஆம் நூற்றாண்டுகளில் நான்காவது கருவி ஒன்று அவர்கள் கைக்கு எட்டியது. அதுவே அச்சு. ஓவியர் மரப்பலகையின் மேல் கோடுகளை வரைவார். செதுக்குநர் அக்கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, எஞ்சிய மரத்தை அகழ்ந்தெடுப்பார். மேட்டில் மை பூசிக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரு பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். அரசனின் உருவமும் பெருமையும் ஒரே காலத்தில் பல நகரங்களுக்குப் பயணம் செய்யலாம்.

இக்கருவியின் ஆற்றலை நன்குணர்ந்து, அதனைத் தம் புகழுக்கு முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஹப்ஸ்பர்க் குடியைச் சேர்ந்த முதலாம் மாக்சிமிலியன் (1459–1519). ‘புகழ்வாயில்’, ‘வெற்றி உலா’, ‘வெற்றித் தேர்’ என்று சொல்லத்தக்க மூன்று பெரும் படைப்புகள் அவருடைய ஆணையிலிருந்து பிறந்தன. இவற்றைக் கண்டு ‘என்னே கலை!’ என்று வியந்து நின்றுவிடுவது ஒரு வழி. ‘முகத்துதி’ என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுவது மற்றொரு வழி. இரண்டும் எளியவை, ஆனால் இரண்டும் திறனாய்வு ஆகா. ஒவ்வொரு குறியீடும் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, எவருக்காகச் சொல்கிறது என்று வினவிப் பார்ப்பதே முறை.

கல் இல்லாத கட்டடம்

புகழ்வாயில் என்பது கட்டடம் அன்று, கட்டடத்தின் படம். 195 மரப்பலகைகளில் செதுக்கப்பெற்று, 36 பெரிய தாள்களில் அச்சிடப்பெற்று, அத்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உடையதாக எழுந்து நிற்கும். அதன்மேல் 1515 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பினும், வேலை முடிந்து படிகள் வெளிவந்தவை 1517, 1518 ஆம் ஆண்டுகளில். முதற்பதிப்பில் ஏறத்தாழ 700 படிகள் எடுக்கப்பட்டன.

இப்பெரும்பணி ஒருவர் செய்ததன்று. என்னென்ன பொருள் இடம்பெற வேண்டும் என்று வகுத்தவர், அரசவை வரலாற்றறிஞரும் வானநூல் வல்லவருமான யொகான்னஸ் ஸ்டாபியுஸ். கட்டட அமைப்பை வரைந்தவர் இன்ஸ்புருக் அரசவை ஓவியர் யோர்க் கோல்டரர். அதற்கு உயிர்கொடுக்கும் பொறுப்பு நூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டூரரிடம் வந்தது. அவர் தம் பட்டறையைச் சேர்ந்த ஹான்ஸ் ஸ்பிரிங்கின்கிலே, வோல்ஃப் டிரவுட் ஆகியோருடன் வரைந்தார். இரு ஓரங்களிலும் உள்ள உருண்டைக் கோபுரங்களை ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் வரைந்தார். பலகைகளைச் செதுக்கும் பணி நூரம்பர்க்கின் தலைசிறந்த செதுக்குநரான ஹிரோனிமுஸ் அந்திரேயேயின் பட்டறைக்கு உரியதாயிற்று.

உரோமானியப் பேரரசர்கள் போர் வென்று திரும்பியபோது அவர்களுக்குக் கல்லால் வெற்றி வாயில் எழுப்புவது பண்டை வழக்கம். அவ்வாயில்களைப் போன்றதே இதுவும் என்று ஸ்டாபியுஸ் படத்தின் அடியில் தாமே விளக்கம் எழுதியுள்ளார். அங்ஙனமாயின் இதை ஏன் கல்லால் கட்டவில்லை என்ற வினா எழுவது இயல்பு. விடை இரண்டு வகையானது. முதலாவது, பொருள் இல்லை. மாக்சிமிலியன் வாழ்நாள் முழுதும் கடனில் மூழ்கியவர். ஆக்ஸ்பர்க் நகரத்துப் பெருவணிகர் யாக்கோபு ஃபுக்கரின் பணப்பெட்டியே அவருடைய போர்களுக்குப் பக்கபலமாக இருந்தது. இரண்டாவது, கல் ஓரிடத்தில் நிற்கும். காகிதம் எங்கும் செல்லும்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லலாம். மாக்சிமிலியன் உரோமாபுரிக்குச் சென்று போப்பாண்டவரின் கையால் முடிசூட விரும்பினார். வெனிஸ் குடியரசு வழிவிட மறுத்தது. ஆகவே 1508 பிப்ரவரியில் திரெண்ட் நகரிலேயே நின்று, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட உரோமானியப் பேரரசர்’ என்னும் பட்டத்தைப் போப்பின் இசைவோடு சூடிக்கொண்டார். உரோமாபுரியில் முடிசூட இயலாதுபோன உரோமானியப் பேரரசர் அவர். அவரே உரோமானிய முறையில் ஒரு வாயிலைக் காகிதத்தில் எழுப்பினார். இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டு படத்தை நோக்கினால், அதிலுள்ள குறியீடுகள் பலவற்றின் பொருள் தானே விளங்கும்.

மூன்று வாயில்கள் சொல்லும் செய்தி

படத்தில் மூன்று வாயில்கள் உள்ளன. நடுவாயிலுக்கு ‘மானமும் ஆற்றலும்’ என்றும், இடவாயிலுக்குப் ‘புகழ்’ என்றும், வலவாயிலுக்கு ‘உயர்குடி’ என்றும் பொருள்படப் பெயர்கள் இடப்பட்டுள்ளன. நடுவாயிலுக்கு மேலே குலமரம் ஒன்று கிளைக்கிறது. அதன் வேரில் மூன்று பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் திராய், சிக்காம்பிரியா, பிரான்சியா என்னும் மூன்று நாடுகளின் உருவகங்கள். திராய் நகரத்து வீரர்களின் வழித்தோன்றல்கள் சிக்காம்பிரியாவில் தங்கிப் பின்னர்ப் பிராங்கியராயினர் என்பது அக்காலத்துப் பழங்கதை. அம்மரத்தில் பிராங்கியரின் முதற் கிறித்துவ மன்னர் குளோவிஸ் இடம்பெறுகிறார். வழிவழி வந்த மன்னர்கள் அவர்க்குமேல் அமர்கின்றனர். உச்சியில் மாக்சிமிலியன் அரியணையில் வீற்றிருக்கிறார்.

இதனை வரலாறு என்று இன்று எவரும் கொள்வதில்லை. அன்றும் அரசவை அறிஞர்களிடையே குலமுறை பற்றிப் பூசல் இருந்தது. சிலர் குலத்தின் தொடக்கத்தை நோவா வரையிலும், எகிப்தியக் கடவுள் ஒசிரிஸ் வரையிலும்கூட இழுத்துச் சென்றனர். தேர்தல் வழியே பதவி பெறும் பேரரசர் ஒருவருக்கு இவ்வளவு நீண்ட குலமரம் எதற்கு? செருமானிய நாட்டில் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தேர்வுரிமை பெற்ற சிற்றரசர் எழுவர் கையில் இருந்தது. குலத்தால் மட்டும் அப்பதவி வாராது. மாக்சிமிலியனோ தமக்குப் பின் தம் பெயரனே அவ்விருக்கையில் அமர வேண்டும் என்று துடித்தவர். ‘இப்பதவி எங்கள் குலத்துக்கு இயல்பாக உரியது’ என்று காண்பவர் மனத்தில் பதியவைப்பதே அந்த மரத்தின் வேலை. சட்டம் தராத உரிமையைப் படம் தர முயல்கிறது.

இரு பக்க வாயில்களுக்கு மேலே அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் வரிசையாகக் காட்டப்பட்டுள்ளன. இவை எல்லாம் பொய் என்று சொல்லிவிடுதல் முறையன்று. 1479 இல் கினகேட் போர்க்களத்தில் பிரஞ்சுப் படையை அவர் வென்றது உண்மை. 1515 இல் வியன்னா நகரில் அங்கேரி, பொகீமிய அரசகுடும்பத்தோடு செய்துகொண்ட இரட்டைத் திருமண உடன்பாடும் உண்மை. அவ்வுடன்பாட்டின் பயனாகவே 1526 இல் அந்நாடுகளின் முடி அவர் பெயரர் பெர்டினாண்டைச் சேர்ந்தது. வாளால் வென்றதைவிடத் திருமணத்தால் வென்றது மிகுதி எனலாம். ஆயினும் வெற்றிகளை மட்டும் அடுக்கி வைக்கும்போது உண்மையும் உயர்வு நவிற்சி ஆகிவிடுகிறது. 1509 இல் பதுவா நகர முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியதும் அவர் வரலாறே அன்றோ? புகழ்வாயில் அவ்வகை வரலாற்றைப் பேசுவதற்காக எழுந்ததன்று.

விடை எழுதிய விடுகதை

வாயிலின் உச்சியில், நடு மாடத்தில், மிகவும் வியப்பான பகுதி ஒன்று உண்டு. அங்கே அரியணையில் அமர்ந்த மாக்சிமிலியனைச் சுற்றி விலங்குகளும் பறவைகளும் நெருக்கமாக நிற்கின்றன. இது அழகுக்காகச் செய்த அலங்காரம் அன்று, எழுத்து. எகிப்தியரின் சித்திர எழுத்து என்று அக்கால அறிஞர் நம்பிய முறையில் எழுதப்பெற்ற வாழ்த்து.

இதன் வரலாறு சுவையானது. ஹொராப்போல்லோ என்பவர் பெயரால் வழங்கிய கிரேக்க நூல் ஒன்று எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்குப் பொருள் கூறுவது. அதன் கையெழுத்துப்படி 1419 இல் ஆந்திரோஸ் தீவில் கிடைத்தது. 1505 இல் வெனிஸ் நகரத்தில் ஆல்டுஸ் மனூத்தியுஸ் அதனை அச்சிட்டார். டூரரின் நெருங்கிய நண்பரும் நூரம்பர்க்கின் பேரறிஞருமான வில்லிபால்ட் பிர்க்ஹைமர் அதனை இலத்தீனில் பெயர்த்தார். டூரர் படங்கள் வரைந்தார். அந்த நூலறிவே வாயிலின் உச்சியில் ஏறி அமர்ந்தது.

சிங்கம் வீரத்தைக் குறிக்கும். ஒரு காலைத் தூக்கி நிற்கும் நாரை விழிப்பைக் குறிக்கும். எருது அடக்கத்தோடு கூடிய வலிமையைக் குறிக்கும். கழுத்தில் துகில் அணிந்த நாய் நல்ல அரசனையும் நெறியாளனையும் குறிக்கும். பாம்பு அழியாப் புகழையும், பாப்பிரசு நாணல் தொன்மையான குலத்தையும் குறிக்கும். சேவல் பிரஞ்சு மன்னனைக் குறிக்கும். இலத்தீனில் சேவலுக்கும் பிரஞ்சு நாட்டவர்க்கும் ஒரே சொல் வழங்குவதால் எழுந்த சிலேடை அது. இவற்றை எல்லாம் சேர்த்துப் படித்தால், தொல்குடிப் பிறந்து வீரமும் விழிப்பும் உடைய பேரரசர் ஒருவர் செயற்கரிய செய்து பிரஞ்சு மன்னனை வென்றார் என்னும் ஒரு நீண்ட வாக்கியம் கிடைக்கிறது.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று அறிவின் குறை. எகிப்திய எழுத்தின் பெரும்பகுதி ஒலியைக் குறிப்பது; ஒவ்வோர் உருவமும் ஓர் உயர்ந்த கருத்துக்கு அடையாளம் என்பது தவறான நம்பிக்கை. 1822 இல் பிரஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அவ்வெழுத்தின் உண்மை அமைப்பை வெளிப்படுத்தினார். மாக்சிமிலியனின் தலைக்குமேல் எழுதப்பட்ட வாழ்த்தைப் பழைய எகிப்தியன் ஒருவன் வந்து பார்த்திருந்தால் ஒரு சொல்லும் அவனுக்குப் புரிந்திராது. எனினும் இக்குறைக்காகப் பிர்க்ஹைமரையோ டூரரையோ பழித்தல் தகாது. அக்காலத்தில் அவ்வளவே தெரியும்.

மற்றது கலையின் குறை. இதற்குக் காலத்தைச் சாக்காகக் கூற இயலாது. குறிப்புப் பொருள் என்பது காண்பவன் உள்ளத்தில் தானே மலர வேண்டும். பூவைக் கண்டதும் மணம் வருவதுபோல வர வேண்டும். இங்கோ, படத்தின் அடியில் ஸ்டாபியுஸ் எழுதிய விளக்கத்தைப் படித்த பின்னரே மேலே உள்ள விலங்குகளுக்கு வாய் திறக்கிறது. விடையைக் கீழே எழுதி வைத்த விடுகதை அறிவுக்கு விருந்தாகலாம். உள்ளத்தைத் தொடும் குறிப்பு ஆகாது. படிக்கத் தெரியாதவனுக்கு அது விலங்குக் கூட்டம். படித்தவனுக்கோ, ‘எனக்கு இது புரிகிறது’ என்னும் பெருமிதம். அப்பெருமிதத்தை ஊட்டுவதும் ஓர் ஆட்சி உத்தியே. அறிஞனை அரசனின் மறைபொருளில் பங்காளி ஆக்கிவிட்டால், அவன் அரசனைக் குறை கூறத் தயங்குவான்.

மாதுளை ஒன்று மட்டும் இதற்கு விலக்கு. மாக்சிமிலியன் தமக்கெனத் தேர்ந்துகொண்ட அடையாளம் அது. மாதுளைக்கு வெளியில் பெரிய அழகோ மணமோ இல்லை; உள்ளேயோ இனிய மணிகள் நிறைந்துள்ளன; பேரரசரின் நற்பண்புகளும் அவ்வாறே நாள்தோறும் வெளிப்படுகின்றன என்பது ஸ்டாபியுஸ் தரும் விளக்கம். இதற்கு எகிப்தும் வேண்டா, கிரேக்கமும் வேண்டா. கனியை ஒருமுறை உடைத்துப் பார்த்த எவனுக்கும் இது விளங்கும். எளிய குறியீடே வலிய குறியீடு என்பதற்குப் புகழ்வாயிலுக்குள்ளேயே கிடைக்கும் சான்று இது.

எங்கு நின்று காண்பது?

முழுப் படத்தையும் நோக்கும்போது இன்னொரு குறையும் புலப்படும். வாயில் முழுமையாகத் தெரிய வேண்டுமானால் சில அடி பின்னே செல்ல வேண்டும். பின்னே சென்றால் நிகழ்ச்சிகளும் எழுத்துகளும் கண்ணுக்கு எட்டா. அவற்றைப் படிக்க அருகே வந்தால் வாயில் மறைந்துவிடும். உச்சியில் உள்ளவற்றைக் காண ஏணி வேண்டும். சொல்ல வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே படத்தில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை, படத்தின் ஒருமையைச் சிதைத்துவிட்டது. தூண்களிலும் மூலைகளிலும் டூரரின் கை விளையாடும் இலைச்சுருள்களும் பறவை விலங்குகளும் இல்லையேல், அது பட்டியல் எழுதிய சுவராகவே நின்றிருக்கும்.

படிகள் சந்தையில் உழவனும் தச்சனும் வாங்கிப்போவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. சிற்றரசர்களுக்கும் நகரங்களுக்கும் பரிசாக அனுப்புவதே நோக்கம். நகர மன்றங்களின் சுவர்களும் மாளிகைகளின் கூடங்களுமே இதற்கு ஏற்ற இடம். அதாவது, எவருடைய வாக்கும் வரியும் பேரரசருக்குத் தேவையோ அவர்களின் கண்முன்னே இவ்வாயில் நிற்க வேண்டும். புகழ்பாடும் படம் குடிகளை நோக்கிப் பேசுகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இப்படமோ தம்மைத் தேர்ந்தெடுப்பவர்களையும் தமக்குக் கடன் கொடுப்பவர்களையும் நோக்கிப் பேசியது.

கள்ளிக்கோட்டை மக்கள்

இரண்டாவது படைப்பான வெற்றி உலா இன்னும் நீண்டது. 1512 இல் மாக்சிமிலியன் தம் செயலர் மார்க்ஸ் டிரைட்ஸ்சவுர்வைன் என்பவர்க்கு அதன் அமைப்பைத் தாமே சொல்லி எழுதுவித்தார். 130 க்கு மேற்பட்ட பலகைகளில், ஏறத்தாழ 54 மீட்டர் நீளத்துக்கு அந்த ஊர்வலம் நடக்கிறது. ஆக்ஸ்பர்க் ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர் அதில் பெரும்பங்கு வரைந்தார். பேரரசர் இறந்தபின் 1526 இல் பெர்டினாண்டின் ஆணையால் அது அச்சேறியது. இசைவாணர், வேட்டைக்காரர், வீரர், கொடி தாங்குவோர் என்று பலர் செல்லும் அவ்வுலாவின் இறுதிப் பகுதியில் ‘கள்ளிக்கோட்டை மக்கள்’ என்னும் கூட்டம் வருகிறது. யானை ஒன்றும் உடன் வருகிறது.

மலையாளக் கரையிலுள்ள கள்ளிக்கோட்டை செருமானியப் பேரரசரின் உலாவில் நுழைந்தது எவ்வாறு? 1498 இல் வாஸ்கோ ட காமா அக்கரையை அடைந்தார். 1505 இல் போர்த்துக்கல்லிலிருந்து புறப்பட்ட அல்மெய்தாவின் கப்பற்படையில் ஆக்ஸ்பர்க், நூரம்பர்க் வணிகர்களும் முதலீடு செய்தனர். வெல்சர் வணிகக் குடும்பத்தின் சார்பில் பல்தசார் ஸ்பிரிங்கர் என்பவர் அப்பயணத்தில் சென்று வந்து, தாம் கண்டவற்றை எழுதினார். அவர் செய்திகளை அடிப்படையாகக் கொண்டு 1508 இல் புர்க்மையர் ஆப்பிரிக்க, இந்தியக் கரை மக்களை மரச்செதுக்குப் படங்களாக வரைந்தார். அவற்றுள் கொச்சி மன்னரின் ஊர்வலமும் ஒன்று. மக்களை மக்களாகவே, அவரவர் உடையோடும் உறவோடும் காட்ட முயன்ற அரிய படங்கள் அவை.

அதே புர்க்மையரின் கை, வெற்றி உலாவில் கள்ளிக்கோட்டை மக்களை வரையும்போது வேறாகிவிடுகிறது. அவர்களுள் சிலர்க்கு இறகுகளால் ஆன ஆடை. அது பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் அணி. சிலர் கையில் மக்காச்சோளம். அது அமெரிக்க மண்ணின் பயிர். யானை இந்தியாவுக்கு உரியது. இறகாடை பிரேசிலுக்கு உரியது. இரண்டும் ஒரே கூட்டத்தில் நடக்கின்றன. பேரரசரின் ஆணை தொலைவில் உள்ள இம்மக்கள் வரையிலும் சென்றுவிட்டது என்பதே இப்பகுதி கூற வந்த செய்தி. உண்மை என்ன? கள்ளிக்கோட்டையை ஆண்டவர் சாமூதிரி. அங்கே மாக்சிமிலியனுக்கு ஓர் அடி நிலமும் இல்லை; ஒரு படைவீரனும் இல்லை.

பொய்யான குலமரம் எவரையும் வருத்தவில்லை. இறந்துபோன திராய் வீரர்களுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. ஆனால், உயிரோடு வாழும் ஒரு மக்களை, அவர்கள் அறியாமலேயே, அடங்கியவர்களாக எழுதுவது வேறு. அறிவதற்காக வரைந்தபோது அந்த ஓவியரின் கோடு உண்மையை நாடியது. புகழ்வதற்காக வரைந்தபோது மக்கள் கூட்டமே ஓர் அணிகலனாகிவிட்டது. எந்த நாட்டார், எந்த உடை என்ற வேறுபாடும் தேவையற்றதாகிவிட்டது. ‘தொலைநாட்டார் அனைவரும் ஒரு தன்மையரே’ என்னும் எண்ணம் ஐரோப்பியப் படங்களில் வேரூன்றியதற்கு இத்தகைய உலாக்களும் ஒரு காரணம். பெருமைப் படங்களின் தீங்கு பெருமை பெற்றவனோடு நிற்பதில்லை. அவன் காலடியில் வரையப்பட்டவர்களையும் தொடர்கிறது.

பெயர் எழுதிய குதிரைகள்

உலாவின் நடுவே செல்வதற்காகத் தொடங்கிய வெற்றித் தேரை, பேரரசர் இறந்த பின் 1522 இல் டூரர் தாமே எட்டுப் பலகைகளில் தனியாக வெளியிட்டார். பொருள் வகுத்தவர் பிர்க்ஹைமர். இங்கே குறியீடு மேலும் ஒரு படி செல்கிறது. தேர்ச் சக்கரங்கள் நான்கும் பெருஞ்சிறப்பு, கண்ணியம், மானம், புகழ் என்று பெயர் பெற்றுள்ளன. தேரை ஓட்டுவது பகுத்தறிவு. அதன் கையிலுள்ள கடிவாள வார்கள் உயர்குடியும் ஆற்றலும். நீதி, துணிவு, அறிவுடைமை, தன்னடக்கம் என்னும் நான்கு பெண்டிர் பேரரசரைச் சூழ்ந்து நிற்கின்றனர். இணை இணையாகச் செல்லும் பன்னிரண்டு குதிரைகளுக்கு அருகிலும் பெயர் பொறித்த நற்பண்புகளே நடக்கின்றன. மேற்கட்டியில் கதிரவனின் உருவம். வானத்துக்குக் கதிரவன்போல் மண்ணுக்குப் பேரரசர் என்பது அதன் கருத்து.

குதிரைகளின் நடையிலும் பெண்டிரின் ஆடை மடிப்புகளிலும் டூரரின் வன்மை மறுக்க முடியாதது. ஆயினும் இத்தேரில் ஏதோ ஒன்று இல்லை. நீதி என்று பெயர் எழுதிய பெண் எந்த நீதியையும் செய்வதில்லை. துணிவு என்று பெயர் எழுதிய பெண் எந்த அச்சத்தையும் எதிர்ப்பதில்லை. அவர்கள் மாலை ஏந்துவதோடு சரி. நல்லரசன் ஒருவனின் பண்பு அவன் செயலால் விளங்க வேண்டும். பலகையில் எழுதித் தொங்கவிடுவதால் விளங்காது. முதல் திட்டத்தில் பேரரசரின் குடும்பத்தாரும் தேரில் இருந்தனர். அச்சான படத்தில் அவர் தனியே அமர்ந்திருக்கிறார். இத்தனைப் பெயர்களுக்கு நடுவே ஒரு மனிதரும் அவர் அருகில் இல்லை.

படியில் மூன்று சின்னங்கள்

புகழ்வாயிலின் வலப்புற அடிப்படிகளில் மூன்று சிறிய குலச்சின்னங்கள் உள்ளன. முதலில் ஸ்டாபியுஸ், அடுத்துக் கோல்டரர், கடைசியில் டூரர். அளவிலும் அதே வரிசை. பொருள் வகுத்தவர் பெரியவர், வரைந்தவர் சிறியவர். மரத்தைச் செதுக்கிய அந்திரேயேக்கு அங்கே இடமே இல்லை. 195 பலகைகளும் கத்தியின் கீழே பிறந்தவை என்பதை நினைத்தால், மானம் என்று பெயர் பெற்ற வாயிலில் உழைப்பின் மானத்துக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று விளங்கும்.

கூலியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. மூன்றாண்டுகள் பேரரசருக்குப் பணிசெய்தும் ஊதியம் கைக்கு வரவில்லை என்பதை 1515 இல் டூரர் நகரப் பெரியவர் ஒருவர்க்கு எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. அவ்வாண்டிலேயே, நூரம்பர்க் நகரம் பேரரசருக்குச் செலுத்த வேண்டிய வரியிலிருந்து ஆண்டுக்கு 100 புளோரின் அவர்க்கு வழங்குமாறு ஆணை பிறந்தது. 1519 சனவரியில் மாக்சிமிலியன் இறந்தார். நகரம் கொடையை நிறுத்திவிட்டது. அதனை உறுதிசெய்துகொள்ளும் பொருட்டு டூரர் 1520 இல் நெதர்லாந்து நோக்கிப் பயணம் சென்றார். ஆக்கனில் புதிய பேரரசர் ஐந்தாம் சார்லசின் முடிசூட்டு விழாவைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் கொலோன் நகரில் உறுதியாணை பெற்றார். பேரரசரை அழியாப் புகழில் ஏற்றியவர் தம் ஊதியத்துக்காக அலைய வேண்டியிருந்தது. புகழ் காகிதத்தில் எழுதப்பட்டது. கொடையும் காகிதத்தில்தான் எழுதப்பட்டது.

சுண்ணக்கோலும் மாதுளையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. காகித வாயில் எதற்கு உதவிற்று? மாக்சிமிலியனுக்குத் தாம் உயிரோடு இருந்த நாளில் அது ஒரு நாட்டையும் பெற்றுத் தரவில்லை. ஆனால் அதன் பலகைகளில் பெரும்பாலானவை வியன்னாவின் அல்பர்டினா காட்சியகத்தில் இன்றும் உள்ளன. படிகள் பல நாட்டுக் காட்சியகங்களில் உள்ளன. அவருடைய பெயரைப் போர்கள் காத்ததைவிட அச்சு காத்தது மிகுதி. இந்த ஒன்றில் அவர் கணக்குப் பொய்க்கவில்லை.

எனினும், எந்தப் பெயர் காக்கப்பட்டது? 1518 சூன் திங்களில் ஆக்ஸ்பர்க் நகரில் பேரரசவை கூடியிருந்தபோது, அரண்மனையின் மேல்மாடியில் ஒரு சிற்றறையில் டூரர் பேரரசரை நேரில் இருத்திச் சுண்ணக்கோலால் வரைந்தார். அதில் வாயில் இல்லை, தேர் இல்லை, சிங்கமும் நாரையும் இல்லை. வளைந்த மூக்கு, தளர்ந்த கண்ணிமைகள், களைத்த முகம் ஆகியவையே உள்ளன. ஏழு திங்களில் அம்மனிதர் இறந்தார். அந்த வரைபடத்தை வைத்து டூரர் பின்னர்த் தீட்டிய வண்ண ஓவியத்தில் பேரரசர் கையில் செங்கோலும் இல்லை, வாளும் இல்லை. ஒரு மாதுளை மட்டும் இருக்கிறது. ஒரு முகமும் ஒரு கனியும் சேர்ந்து சொல்லியதை 195 பலகைகள் சேர்ந்து சொல்ல முடியவில்லை.

மாக்சிமிலியனும் இதனை உணர்ந்தாரோ என்று எண்ணத் தோன்றும். கடைசி ஆண்டுகளில் அவர் செல்லுமிடமெல்லாம் தம் சவப்பெட்டியை உடன் கொண்டு சென்றார். தாம் இறந்தபின் தலைமயிரை மழித்து, பற்களை உடைத்து, ஒரு பாவியாகத் தம் உடலைப் புதைக்குமாறு ஆணையிட்டார். இன்ஸ்புருக்கில் 28 வெண்கலச் சிலைகள் சூழ நிற்கும் அவருடைய பெருங்கல்லறையில் அவர் உடல் இல்லை. அது வீனர் நொய்ஸ்டாட்டில் ஒரு தேவாலயப் பலிபீடத்தின் அடியில் உறங்குகிறது.

புகழ்ச்சிக் கலையைக் கற்பிப்போரும் கற்போரும் இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். குறியீடு எங்கே மிக உரத்துப் பேசுகிறதோ, அங்கே எந்தக் குறை மறைக்கப்படுகிறது என்று தேடுதல் வேண்டும். உரோமாபுரியில் முடிசூட இயலாதவர்க்கு உரோமானிய வாயில். பொருள் இல்லாதவர்க்குப் பொன்மயமான தேர். கள்ளிக்கோட்டையைக் காணாதவர்க்குக் கள்ளிக்கோட்டை மக்கள். புகழ்வாயில், மாக்சிமிலியன் என்ன பெற்றிருந்தார் என்பதற்குச் சான்று அன்று. என்ன பெற விரும்பினார் என்பதற்கே சான்று. அவ்வாறு படிக்கத் தெரிந்தவனுக்கு முகத்துதியும் வரலாற்று ஆவணமாகும். படிக்கத் தெரியாதவனுக்கோ வரலாறும் முகத்துதியாகவே முடியும்.